பழைய தோட்டத்துப் பிளானை வைத்து ஆற்றுச் சந்தியையும் லாத்தாவையும் (அருவியையும்) கண்டுபிடிப்பது எப்படி? (தாப்பா)

தீம்பார்பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக்கில் தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் பழைய பிளான் கையில் இருக்கிறது. அசல் இல்லை, நகலுக்கு நகல் எடுத்து, அதைக் கைப்பேசியில் படம் பிடித்தது. ஓரத்தில் 'ஒரு அங்குலத்துக்கு 16 செயின்' என்று அச்சு. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. பெரிய ரோட்டிலிருந்து பிரியும் ஒரு பாதையில் 'தெலோக் ஆன்சன்' என்று அம்புக்குறி போட்டிருக்கிறது. தோட்டத்துக்குக் குறுக்கே ஓர் ஆறு. அதன் பெயரில் 'எஸ். ஆயெர்' வரைக்கும்தான் படிக்க முடிகிறது. அதில் இன்னொரு ஓடை வந்து சேருகிறது. சந்திக்குக் கொஞ்சம் மேலே ஆற்றுக்கோட்டின் மேல் இரண்டு மூன்று குறுக்குக் கோடுகள். அது லாத்தாவா?

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அடையாளம் இது (கட்டை என்றால் மைல்கல்): "நாலாங்கட்டைப் பாலத்துல எறங்கி ஆத்தோரமாவே மேல போனா ரெண்டு ஆறு சேரும். எடது பக்கத்து ஆத்துல போனா யானைப்பாறை, அதுக்கு மேல அருவி."

இப்போது அங்கே முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை). கூகுள் மேப்பில் அந்த ஆற்றையே காணோம். எங்கிருந்து தொடங்குவது?

சங்கிலி66:

தம்பி, முதலில் பெயரைத் தேடுவதை விடுங்கள். மலாயில் 'சுங்கை' என்றால் ஆறு, 'எஸ்.' அதன் சுருக்கம். 'ஆயர்' என்று தொடங்கும் ஓடைகள் ஊருக்கு ஊர் உண்டு. 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் 'சுங்கெய்', 'ஆயெர்' என்று எழுதியதைத்தான் இப்போது 'சுங்கை', 'ஆயர்' என்று எழுதுகிறார்கள். தேடினால் இரண்டு எழுத்திலும் தேடிப் பாருங்கள். பெயரால் கிடைக்கும் உதவி அவ்வளவுதான்.

காலத்தைக் குத்துமதிப்பாகக் கட்டலாம். தெலோக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. ஆகவே பிளான் அதற்கு முந்தியது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல்தான் முழுசாகத் திறந்தார்கள். அது உங்கள் பிளானில் இருக்காது, ஆனால் தரையில் இருக்கும். அதை மறந்துவிட்டுப் பிளானைப் பொருத்தினால் ஓடை எங்கே போய் மறைகிறது என்றே புரியாது. பெரிய சாலை போடும்போது சின்ன ஓடைகளைத் திருப்பிச் சிமெண்டுக் குழாயில் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது அளவு. 1 செயின் 66 அடி, அதாவது 20.12 மீட்டர். அங்குலத்துக்கு 16 செயின் என்றால் 1:12,672. அசலில் 1 செ.மீ. தரையில் 126.7 மீட்டர். ஆனால் உங்களிடம் இருப்பது அசல் இல்லையே! நகல் எடுக்கும்போது சுருங்கியிருக்கும், கைப்பேசிப் படத்தில் ஓரம் வளைந்திருக்கும். அச்சில் போட்ட அளவை அப்படியே நம்பினால் லாத்தா பக்கத்துத் தோட்டத்தில் போய் விழும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. தோட்டத்து எல்லைக்கோடு ஒவ்வொன்றின் மேலும் திசைக்கோணமும் நீளமும் எழுதியிருப்பார்கள். நீளம் பெரும்பாலும் லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் 1 செயின். எடுத்துக்காட்டாக ஒரு கோட்டின் மேல் 2,140 என்று இருந்தால் அது 430.5 மீட்டர். அசலில் அந்தக் கோடு 3.4 செ.மீ. இருக்க வேண்டும். உங்கள் நகலில் 3.1 செ.மீ. வந்தால் இனி உங்களுக்கு 1 செ.மீ. என்பது 138.9 மீட்டர். கிழக்கு மேற்காக ஓடும் கோடு ஒன்று, வடக்கு தெற்காக ஓடும் கோடு ஒன்று, இரண்டையும் இப்படி அளந்து பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் படம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று பொருள். தட்டையான ஸ்கேனரில் வைத்து மறுபடி எடுங்கள்.

பிறகு கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் கருவியைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் பிளானை உட்கார வையுங்கள். கணிதப்படி 3 புள்ளி போதும். ஆனால் 6, 7 வைத்தால்தான் எது தப்பான புள்ளி என்று காட்டிக்கொடுக்கும். பெரிய ரோட்டுப் பாலம், எல்லைக்கல் மூலைகள், குன்றின் உச்சி, மேட்டு முதுகில் போகும் தோட்டத்துப் பாதைகள் சேரும் இடம், இவைதான் நல்ல புள்ளிகள். ஆற்று வளைவைப் புள்ளியாக எடுக்கவே எடுக்காதீர்கள். செம்பனை நடும்போது வளைவுகளை வெட்டி நேராக்கியிருப்பார்கள். பள்ளத்தில் இருந்த பழைய ஈயலம்பங்களின் (ஈயச் சுரங்கங்களின்) பக்கத்தில் ஓடைக்கு இரண்டு மூன்று முறைகூட இடம் மாறியிருக்கும்.

முதலில் 'பாலினோமியல் 1' முறையில் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு விலகினால் அதைத் தூக்கிவிடுங்கள். 'தின் பிளேட் ஸ்ப்லைன்' பக்கம் எடுத்த எடுப்பில் போகாதீர்கள். அது வைத்த புள்ளியிலெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், தப்பான புள்ளியிலும்கூட. விலகல் சுழியம் என்று பார்த்து ஏமாந்துபோவோம்.

குறுக்குக் கோடு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். லாத்தாவாக இருக்கலாம், நடைபாலமாக இருக்கலாம், தண்ணீர்க் கட்டாகவும் இருக்கலாம். ரப்பர் பால் ஸ்டோருக்கும் லயத்துக்கும் (தொழிலாளர் குடியிருப்புக்கும்) தண்ணீர் வேண்டும். அதனால் மேட்டில் ஓடையை மறித்து இரும்புக் குழாயில் இறக்குவது வழக்கம். குறுக்குக் கோட்டிலிருந்து ஸ்டோர் வரைக்கும் புள்ளிக்கோடு ஏதாவது போகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

வானத்துக்கண்:

சங்கிலி ஐயா சொன்னபடி பிளானைப் பொருத்திவிட்டால் மேலிருந்து பார்க்கும் வேலை சுலபம்.

செம்பனைத் தோட்டத்தில் மரங்கள் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசையில் நிற்கும். படத்தில் அந்த ஒழுங்கு எங்கே கலைகிறதோ அங்கே உற்றுப் பாருங்கள். கரும்பச்சையாக, கோணல்மாணலாக ஒரு பட்டை வளைந்து போனால் அது ஆற்று ஒதுக்கம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டிப்படி 5 மீட்டருக்குள் அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர் விட வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் அதை ஒழுங்காக விட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. விட்ட இடத்தில் படத்தில் பளிச்சென்று தெரியும். நேராகப் போய் நேர்கோணத்தில் திரும்பும் கோடு 'காண்', அதாவது வெட்டிய வடிகால். அது ஆறு இல்லை.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வார்கள். மண் வெறுமையாகக் கிடந்த ஆண்டின் படம் கிடைத்துவிட்டால் அதைவிட நல்ல வரைபடம் வேறு இல்லை. படிக்கட்டு வெட்டிய மேடு, ஈரம் கோத்த பள்ளம், பழைய ஓடைத்தடம் எல்லாம் நிறம் மாறித் தெரியும். பக்கத்தில் இன்னும் பால்மரம் நிற்கும் துண்டு இருந்தால் பிப்ரவரி, மார்ச் மாதப் படத்தை எடுங்கள். அப்போது ரப்பர் இலை உதிர்த்து வெளிறி நிற்கும், ஓடைக்கரைக் காட்டு மரங்கள் மட்டும் பச்சையாக இருக்கும். இதற்கு சென்டினல் 2 செயற்கைக்கோள் படமே போதும். இலவசம், படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் பொறுக்குவதுதான் பாடு.

உயரத் தரவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இணைய வரைபடங்களில் வரும் சம உயரக்கோடுகளில் பல 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவிலிருந்து வந்தவை. அந்த ரேடார் மரத்தின் தலையைத்தான் பார்த்தது, மண்ணைப் பார்க்கவில்லை. 12 மீட்டர் வளர்ந்த பழைய செம்பனைக்குப் பக்கத்தில் அப்போதுதான் நட்ட கன்று இருந்தால் நடுவில் ஒரு 10 மீட்டர் 'பாறைச்சரிவு' முளைத்துவிடும். அதை லாத்தா என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சரிவு தோட்டத்துப் பிளாக் எல்லையோடு நேர்கோட்டில் ஓடினால் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு 2011 முதல் 2015 வரை எடுத்தது. இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் சரிவை மட்டும் எடுங்கள். எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிக்கஸ் இரண்டிலும் ஒரு புள்ளி 30 மீட்டர், ஆகையால் 3 மீட்டர் ஓடையெல்லாம் அதில் தனியாகத் தெரியாது.

கூகுள் மேப்பில் ஆறு இல்லை என்பதால் தரையில் ஆறு இல்லை என்று ஆகாது. லாத்தா என்று குத்திவைத்த முனைகளும் பல சமயம் கார் நிறுத்தும் இடத்தில்தான் இருக்கும்.

ஆத்தோரம்:

மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் கணினியில் இவ்வளவு மெனக்கெடுவதற்கு முன் ஜூபெம் (மலேசிய நில அளவைத் துறை) வெளியிட்ட எல்7030 வரிசை வரைபடத்தில் ஒரு தாளைப் பார்த்துவிடலாம். 1:50,000, 1 மி.மீ. 50 மீட்டர். சம உயரக்கோடு 20 மீட்டருக்கு ஒன்று. இது 'தெர்ஹாட்' (கட்டுப்படுத்தப்பட்ட) வகை, கடையில் வாங்க முடியாது. விண்ணப்பம் போட்டுக் காரணம் சொல்லி வாங்க வேண்டும்.

அதைப் படிக்கும் விதம்: ஆற்றைக் கடக்கும் உயரக்கோடு கூம்பாக மடங்கும், கூம்பின் முனை ஆறு வரும் திசையை, அதாவது மேட்டைக் காட்டும். மலைமுதுகிலும் இதே மாதிரி மடங்கும், ஆனால் அங்கே முனை பள்ளத்தைப் பார்க்கும். முதுகை ஓடையாக நினைத்துவிடும் தப்பு புதியவர்களுக்கு நிறைய நேரும். உயர எண்ணைப் பார்த்து எது மேடு, எது பள்ளம் என்று முடிவு செய்த பிறகே கூம்பைப் படியுங்கள்.

அடிவாரத்து ஓடையில் இரண்டு உயரக்கோடுகளுக்கு நடுவே ஆற்றுவழியில் 15, 20 மி.மீ. இருக்கும். திடீரென்று மூன்று கோடுகள் 2 மி.மீ.க்குள் நெருங்கி ஆற்றைக் கடந்தால் 100 மீட்டர் நடைக்குள் 40 மீட்டர் இறக்கம். அங்கே பாறை இருக்கும், லாத்தா இருக்கும். 20 மீட்டருக்குக் குறைந்த வீழ்ச்சியோ இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடையாளமே இல்லாமல் ஒளிந்துகொள்ளும். வரைபடத்தில் இல்லை என்று அருவியைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். செண்டெரியாங் பக்கம் லாத்தா கிஞ்சாங் மாதிரி நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணில் படுகிற அருவிகள் சிலதான். மற்றவை இப்படிப்பட்டவை.

பழைய தாளில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கைப்பேசியில் தட்டாதீர்கள். அது 'கெர்தாவ்' என்ற பழைய நில அளவை அடிப்படையில் போட்டது, கைப்பேசி காட்டுவது 'டபிள்யூஜிஎஸ் 84' என்ற உலக அடிப்படையில். நம் பக்கத்தில் நீங்கள் குறிக்கும் இடம் ஏறத்தாழ 150 மீட்டர் கிழக்கே தள்ளி விழும். கைஜிபிஎஸ் கருவியில் 'கெர்தாவ் 1948' என்று ஒரு தேர்வு இருக்கும், அதை மாற்றினால் தீர்ந்தது. கியூஜிஐஎஸ் என்றால் பழைய தாளுக்கு இபிஎஸ்ஜி (ஆயமுறைக் குறியீட்டு எண்) 3168, புதியதற்கு 3375. தோட்டத்துப் பிளானுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நில அளவைக்கான காசினி முறையில் வரைந்தது, ரேகை எண்ணும் இருக்காது. சங்கிலி அண்ணன் சொன்னபடி நேராகப் படத்தின் மேல் பொருத்துவதுதான் முறை. காந்தத் திசைத் திருத்தத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். இங்கே அது ஒரு டிகிரிக்கும் குறைவு.

பெரியவர்கள் சொன்ன 'இடது' என்பது மேலே ஏறும்போது இடது. நீரியல் அறிக்கைகளில் 'இடக்கரை' என்றால் ஆறு போகும் திசையைப் பார்த்து இடது. இரண்டும் நேர் எதிர். கலந்துவிடாதீர்கள்.

லயத்துவாசி:

கட்டைக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாலாங்கட்டை 4 மைல், 6.4 கிலோமீட்டர். தாப்பாவிலிருந்து எண்ணினதா, பீடோரிலிருந்தா என்று முதலில் கேளுங்கள். பெரிய ரோட்டை இடையில் நேராக்கியிருந்தால் இன்றைய கார் மீட்டர் கணக்கில் 6.4 கிலோமீட்டருக்கு முன்னாலேயே அந்த இடம் வந்துவிடும். பழைய ரோட்டு வளைவு பக்கத்தில் துண்டாகக் கிடக்கும். அதைப் படத்தில் தேடி, அதன் வழியே அளந்தால்தான் கணக்குச் சரியாக வரும். பாலமும் அப்படியே. புதுப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ பழைய பாலத்தின் கல்தூண் நிற்கிறதா பாருங்கள். பிளானில் இருப்பது அந்தப் பாலம். புதுப் பாலத்தைப் புள்ளியாக வைத்தால் எல்லாம் தள்ளிப்போகும்.

தீம்பார்பேரன்:

எல்லாருக்கும் நன்றி. எல்லைக்கோட்டை வைத்துப் பார்த்ததில் என் நகலில் 1 செ.மீ. 138.9 மீட்டர்தான் வருகிறது, ஐயா எடுத்துக்காட்டாகச் சொன்ன அதே எண்! ஸ்கேன் செய்து 7 புள்ளி வைத்தேன். புதுப் பாலத்துப் புள்ளி மட்டும் மோசமாக விலகியது. லயத்துவாசி சொன்ன பிறகு பழைய தூண் இருக்கும் இடத்துக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

இப்போது இரண்டு சிக்கல். பாலத்துக்கு மேலே படத்தில் இரண்டு சந்தி தெரிகிறது. ஒன்று பாலத்திலிருந்து 900 மீட்டர், மற்றது சுமார் 1.6 கிலோமீட்டர். பிளானில் பாலத்திலிருந்து சந்திக்கு நேர்கோட்டில் 11.4 செ.மீ.

அடுத்தது, எல்7030 தாளில் மேல் சந்திக்குப் பிறகு வலது கிளையில் 4 கோடுகள் 3 மி.மீ.க்குள் நெருங்குகின்றன, ஆனால் சந்தியிலிருந்து ரொம்ப தூரம் போன பிறகு. இடது கிளையில் சந்திக்கு 6 மி.மீ. மேலே இரண்டே கோடுகள் 1 மி.மீ. இடைவெளியில் கடக்கின்றன. வலதுதானே பெரிய அருவி? பிளானில் குறுக்குக் கோடு இடது கிளையில், சந்திக்கு 2.2 செ.மீ. மேலே. அதிலிருந்து ஸ்டோர் வரை மங்கலாக ஒரு புள்ளிக்கோடும் போகிறது.

சங்கிலி66:

11.4-ஐ 138.9-ஆல் பெருக்குங்கள்: 1,583 மீட்டர். மேல் சந்திதான். 900 மீட்டரில் இருப்பது நேர்கோணத்தில் சேர்கிறதா?

தீம்பார்பேரன்:

ஆமாம் ஐயா, ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி.

ஆத்தோரம்:

அப்படியானால் அது காண். இயற்கை ஓடைகள் மேட்டு நிலத்தில் பெரும்பாலும் கூர்ங்கோணத்தில் சேரும், கூர்முனை ஆறு போகும் திசையைக் காட்டும். பிளான் வரைந்தபோது அந்தக் காண் வெட்டியிருக்கவே மாட்டார்கள்.

இடது, வலது விஷயத்தில் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. 2.2 செ.மீ. என்றால் 306 மீட்டர். எல்7030-இல் 6 மி.மீ. என்றால் 300 மீட்டர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வரைபடம் ஒரே இடத்தைக் காட்டுகிறது. 50 மீட்டர் நடைக்குள் 20 மீட்டர் இறக்கம், ஓர் ஓடைக்கு அது நல்ல லாத்தா. புள்ளிக்கோடு குழாயாக இருந்தால் லாத்தாவின் தலையில் தண்ணீர்க் கட்டு இருந்திருக்கும். இறக்கம் இருக்கும் இடத்தில்தானே குழாயைத் தொடங்குவார்கள்? பெரியவர்கள் சொன்னதும் இடதுதான். வலது கிளையில் இருப்பது பெரிதாக இருக்கலாம், 150 மீட்டரில் 60 மீட்டர் இறக்கம். ஆனால் தோட்டத்து எல்லை எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது காட்டு ஒதுக்கத்துக்குள் இருந்தால் வன இலாகா அனுமதி வேண்டும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் முறை: தோட்ட அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள். எந்தப் பிளாக்கில் மருந்து அடிக்கிறார்கள் என்று அவர்கள்தான் சொல்வார்கள். மேலே ஓராங் அஸ்லி (பழங்குடியினர்) கம்பம் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். அந்த ஆற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எந்த வரைபடத்திலும் இருக்காது. ஓடைக்குள் இறங்கி நடக்காதீர்கள். மேட்டுப் பாதையில் போய், சந்திக்கு நேராக வந்ததும் இறங்குங்கள். பாதை ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு சிமெண்டுக் குழாயையும் பிளானோடு ஒப்பிட்டுக் கொண்டே போனால் எங்கே நிற்கிறோம் என்பதில் குழப்பம் வராது. சந்தியில் ஆற்று மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். வெளிறிய, பருமனான மணலும் உருண்டைக் கருங்கல்லும் மலையிலிருந்து நேராக வருகிற கிளையில் கிடக்கும். மஞ்சள் சேறு மட்டும் வந்தால் அது தோட்டத்துக்குள்ளேயே ஊறி வருகிற வாய்க்கால்.

காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். மழை பெரும்பாலும் பிற்பகலில் மலையில்தான் விழும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர் (திடீர் வெள்ளம்) வந்துவிடும். தெளிவாக ஓடின தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் கும்பலாக மிதந்து வந்தாலோ எந்தப் பொருளையும் எடுக்க நிற்காமல் கரைமேட்டில் ஏறுங்கள். முதல் நாள் இரவே வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' பக்கத்தில் பக்கத்து மழைமானி என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும் பாறையைவிட முதலில் சிமெண்டைத் தேடுங்கள். யானைப்பாறை என்று சொல்லும்படி அந்த ஓடையில் பத்துப் பாறை இருக்கும். உடைந்த கட்டுச் சுவரும், மண்ணில் பாதி புதைந்த இரும்புக் குழாயும் ஒரே இடத்தில்தான் இருக்கும். கிடைத்தால் ஜிபிஎஸ்ஸை மரத்தடியில் உடனே பதியாதீர்கள். வானம் கொஞ்சம் திறந்த பாறை மேல் வைத்து, சராசரி எடுக்கும் வசதியில் ஐந்து நிமிடம் விடுங்கள். அடர்ந்த இலைக்கடியில் 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம்.

லயத்துவாசி:

குழாய் கிடைத்தால் அதன் போக்கிலேயே கீழே இறங்கிப் பாருங்கள் தம்பி. பழைய ஸ்டோர் இருந்த இடத்தில் போய் முடிந்தால் பிளானில் உள்ள புள்ளிக்கோடு அதுதான். அந்த இடத்தையும் எட்டாவது புள்ளியாகச் சேர்த்து மறுபடி ஒருமுறை பொருத்துங்கள். இப்போது உங்களுக்கு மேட்டுப் பக்கத்தில் புள்ளியே குறைவு.